ஹோபார்ட் நாட்குறிப்பு: தீவாந்திரக் கைதிகளைத் தேடி

2024 மார்ச் 9, சனி

பிரிட்டன் கப்பலேற்றி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிய கைதிகளின் தடங்களைத் தேடித் தாஸ்மேனியத் தீவின் தலைநகரான ஹோபார்ட்டில் இருக்கிறேன். இன்று கேஸ்கேட்ஸ் பெண்கள் சிறைக்குப் போய் வந்தேன். வெலிங்டன் மலையின் அடிவாரத்தில், ஓடையை ஒட்டிய ஈரப் பள்ளத்தில், மதுவடிக்கும் ஆலையாக இருந்த கட்டடத்தை 1828இல் சிறையாக மாற்றி, அதற்குப் ‘பெண்கள் தொழிற்சாலை’ என்று அரசு பெயர் வைத்தது. இன்று எஞ்சியிருப்பவை பெரும்பாலும் மதில்கள்தாம். வெயில் சீக்கிரமே இறங்கிவிடும் இந்த இடத்தில் கைக்குழந்தைகளையும் வைத்திருந்தார்கள் என்பதை நேரில் நிற்கும்போதுதான் முழுதாக உணர முடிகிறது.

உள்ளே இருந்த பெண்களை மூன்று வகுப்புகளாகப் பிரித்திருந்தார்கள். கடைசி வகுப்பில் தள்ளப்பட்டவளின் சட்டை முதுகிலும், வலது கையிலும், பாவாடையின் பின்புறத்திலும் ‘சி’ என்னும் ஆங்கில எழுத்தை மஞ்சள் துணியில் பெரிதாக வெட்டித் தைத்திருப்பார்கள். ஊராரின் அழுக்குத் துணியை வெளுப்பது அவர்கள் வேலை. குடியேற்றக்காரர் ஒருவரின் வீட்டுக்கு வேலைக்கு அனுப்பப்பட்டு, அங்கே கருவுற்றுத் திரும்பிய பெண், பிள்ளைக்குப் பால் மறக்கச் செய்தவுடன் குழந்தையை விட்டுப் பிரிந்து, ஆறு மாதம் இதே வகுப்பில் தண்டனை அனுபவிக்க வேண்டும். பிள்ளையின் தகப்பன் யார் என்று துருவிக் கேட்க அதிகாரிகள் அக்கறை காட்டியதாகத் தெரியவில்லை. நெரிசலும் ஈரமும் நிறைந்த இங்கே நூற்றுக்கணக்கான குழந்தைகள் இறந்தன.

2024 மார்ச் 11, திங்கள்

எட்டு மணி நேர வேலை நாளைக் கொண்டாடும் தாஸ்மேனிய அரசு விடுமுறை இன்று. கூலியே இல்லாமல் உழைத்தவர்களின் ஏடுகளைக் கணினியில் படிப்பதில் பகல் கழிந்தது.

வான் டீமன்ஸ் லாண்ட் என்று அப்போது அழைக்கப்பட்ட இந்தத் தீவுக்கு 1853 வரை 70,000க்கும் மேற்பட்ட கைதிகள் வந்தார்கள். அவர்களுடைய நடத்தைப் பதிவேடுகள் பெரும்பாலும் அழியாமல் தப்பியிருக்கின்றன. 2007இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிலும் ஆஸ்திரேலியக் கைதிகளின் ஆவணங்கள் இடம்பெற்றன. உயரம், கண்ணின் நிறம், அம்மைத் தழும்பு, கையில் குத்திய பச்சை எனத் தப்பியோடினால் அடையாளம் காண உதவும் எதையும் எழுத்தர் விடவில்லை. நங்கூரமும், பிரிந்துவந்தவர்களின் பெயரெழுத்துகளும் அடிக்கடி வருகின்றன.

இந்தக் கணக்கெழுத்தை ஒழுங்குபடுத்தியவர் 1824 முதல் 1836 வரை துணைநிலை ஆளுநராக இத்தீவை ஆண்ட ஜார்ஜ் ஆர்தர். அவர் காலத்தில் பெரும்பாலான கைதிகள் சிறையில் அடைக்கப்படவில்லை. பண்ணைக்காரரிடமோ, கடைக்காரரிடமோ, வீட்டுக்காரரிடமோ அவர்களை அரசு ஒப்படைத்துவிடும். சோறும் துணியும் படுக்க இடமும் எஜமானின் பொறுப்பு. எஜமான் தன் கையால் கசையடி கொடுக்கக் கூடாது, மாஜிஸ்திரேட்டிடம்தான் கொண்டுபோக வேண்டும் என்று சட்டம் சொல்லியது. ஆனால் கிராமப்புறத்தில் அந்த மாஜிஸ்திரேட்டே பல வேளைகளில் பக்கத்துப் பண்ணைக்காரர்தான்.

பக்கம் பக்கமாகப் படித்தால் குற்றங்கள் ஒரே மாதிரி இருக்கின்றன: குடிபோதை, இரவில் வெளியே தங்கியது, வேலையில் அசட்டை, எதிர்த்துப் பேசியது. ஒழுங்காக வேலை செய்த நாள்களுக்கு ஏட்டில் ஒரு வரியும் இல்லை. லண்டனில் கைக்குட்டை திருடிய இருவர் ஒரே கப்பலில் ஏழாண்டுத் தண்டனையோடு வந்திறங்கியிருக்கலாம். ஒருவன் நல்ல வீட்டில் வாய்த்து நான்காண்டில் அனுமதிச் சீட்டு பெற்று, தனக்காக உழைக்கத் தொடங்குவான். மற்றவன் முன்கோபக்கார எஜமானிடம் சிக்கி, கசையடி, விலங்கோடு சாலை போடும் வேலை, மீண்டும் கசையடி என்று தேய்ந்துபோவான். நீதிபதி விதித்த தண்டனையைவிட, வந்து வாய்த்த எஜமானே அவர்கள் தலையெழுத்தைத் தீர்மானித்தான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

2024 மார்ச் 16, சனி

கப்பல்கள். 1787 மே 13இல் போர்ட்ஸ்மத்திலிருந்து புறப்பட்டு 1788 ஜனவரியில் கைதிகளோடு ஆஸ்திரேலியா வந்து சேர்ந்த முதல் தொகுதியின் 11 கப்பல்களைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். 1790இல் வந்த இரண்டாம் தொகுதியைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. அடிமை வியாபாரத்தில் பழகிய ஒரு நிறுவனம் அந்தக் குத்தகையை எடுத்தது. தலைக்கு 17 பவுன் 7 ஷில்லிங் 6 பென்ஸ் என்பது ஒப்பந்தம். உயிரோடு கரையிறங்கியவருக்கு அல்ல, கப்பலேறியவருக்கு. ஆள் செத்தால் உணவு மிச்சம். நெப்டியூன் கப்பலில் ஏறிய சுமார் 500 கைதிகளில் 150 பேருக்கு மேல் கடலிலேயே இறந்தார்கள். செத்தவனுடைய பங்கு உணவு நின்றுவிடக் கூடாதென்று, பக்கத்தில் கிடந்தவர்கள் சாவை மறைத்துப் பிணத்தோடு படுத்திருந்தார்கள்.

பின்னாளில் அரசு மருத்துவருக்குக் கப்பலில் உண்மையான அதிகாரம் கொடுத்த பிறகு சாவு வெகுவாகக் குறைந்தது. அந்தச் சீர்திருத்தத்துக்கு வழிவகுத்த 1814ஆம் ஆண்டு அறிக்கையை எழுதிய வில்லியம் ரெட்ஃபர்ன், கடற்படைக் கலகத்துக்காகத் தண்டிக்கப்பட்டுக் கைதியாக வந்த மருத்துவர். இருந்தாலும் 1835இல் ‘மூன்றாம் ஜார்ஜ்’ கப்பல் ஹோபார்ட்டை நெருங்கும் தறுவாயில் பாறையில் மோதியபோது, கைதிகள் மேலே ஏறிவரக் கூடாதென்று காவலர்கள் துப்பாக்கிப் பிரயோகம் செய்தார்கள். இறந்தவர்கள் 130 பேருக்கு மேல்; அவர்களில் பெரும்பாலோர் கைதிகள்.

புறப்படுமுன் கைதிகள் விட்டுச்சென்ற காசுகளின் படங்களையும் பார்த்தேன். செம்புப் பென்னி நாணயத்தை அரசன் முகம் மறையும்வரை தேய்த்து வழவழப்பாக்கி, அதில் ஊசிமுனையால் புள்ளி புள்ளியாகக் குத்திப் பெயரும் தேதியும் இரண்டு வரிப் பாட்டும் எழுதிக் காதலியிடமோ தாயிடமோ கொடுப்பார்கள். கான்பெராவின் தேசிய அருங்காட்சியகத்தில் இவை 300க்கும் மேல் இருக்கின்றன.

2024 மார்ச் 23, சனி

போர்ட் ஆர்தர். கைதி வாழ்க்கை என்றதும் எல்லோர் மனத்திலும் வருவது இந்த இடம்தான். உண்மையில் பெரும்பாலான கைதிகள் இதைக் கண்ணால் கண்டதே இல்லை. 1830இல் மரம் வெட்டும் முகாமாகத் தொடங்கிய இது, 1833 முதல், வந்த இடத்தில் மீண்டும் குற்றம் செய்தவர்களுக்கான தண்டனை இடமாயிற்று. வெளியேற ஒரே தரைவழியான ஈகிள்ஹாக் நெக்கின் ஒடுங்கிய மணல்திட்டில் வரிசையாக நாய்களைக் கட்டி வைத்திருந்தார்கள். அதிகாரிகள் பயணம் செய்வதற்கென்று மரத் தண்டவாளத்தில் ஓடிய வண்டிகளைக் கைதிகளே தள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

தனிமைச் சிறையில்தான் அதிக நேரம் நின்றேன். கசையடியால் திருந்தாதவனை மௌனத்தால் திருத்தலாம் என்ற நம்பிக்கையில் கட்டியது. பெயருக்குப் பதில் எண், வெளியே வரும்போது முகமூடி. தேவாலயத்திலும் ஒருவரையொருவர் பார்க்க முடியாதபடி ஆளுக்கொரு மரத் தடுப்பு. வாய்திறக்க அனுமதி இருந்தது துதிப்பாடல் நேரத்தில் மட்டும் என்பதால், பாட்டோடு பாட்டாக அடுத்தவனுக்குச் செய்தி சொல்லிக்கொண்டார்களாம்.

2024 மார்ச் 29, வெள்ளி

ஐரிஷ் கைதிகளைப் பற்றி. 1840களின் பஞ்சத்தில் ஆடும் மாடும் திருடி வந்தவர்கள் பலர். கப்பலேற்றினால் சோறாவது கிடைக்கும் என்று வேண்டுமென்றே தீவைத்துவிட்டுப் பிடிபட்ட பெண்களும் உண்டு. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1848 கிளர்ச்சிக்காக வந்த வில்லியம் ஸ்மித் ஓபிரையனுக்கோ போர்ட் ஆர்தரில் தனி வீடு. கொள்கைக்காக அனுமதிச் சீட்டை முதலில் மறுத்த அவர்மேல் மரியாதை உண்டு. ஆனால் மறுக்கும் வசதி அந்தப் பெண்களுக்கு இல்லை.

2024 ஏப்ரல் 7, ஞாயிறு

கைதிகளைப் பாவப்பட்டவர்களாக மட்டும் பார்ப்பது எளிது. 1830இல் இத்தீவின் பூர்வகுடிகளை விரட்டிப் பிடிக்க 2,000க்கும் மேற்பட்டோரை வரிசையாக நிறுத்தி நடத்திய வேட்டையில் கைதிகளும் இருந்தார்கள். நியூ சவுத் வேல்ஸின் மயால் கிரீக்கில் 1838இல் குறைந்தது 28 பூர்வகுடிகளைக் கொன்றதற்காகத் தூக்கிலிடப்பட்ட ஏழு பேரும் கைதிகளோ முன்னாள் கைதிகளோதான். கூட்டத்தில் இருந்த, சுதந்திரமாகப் பிறந்த பண்ணைக்கார வீட்டுப் பிள்ளை ஜான் ஃப்ளெமிங் கடைசிவரை பிடிபடவில்லை. கொன்றவர்களின் குற்றம் இதனால் குறைந்துவிடாது. ஆனால் தண்டனை அங்கேயும் ஆள் பார்த்துத்தான் வந்தது.

2024 ஏப்ரல் 20, சனி

1853இல் இங்கே கைதிகள் வருவது நின்றதும் ஊரே விழாக் கொண்டாடியது. 1856இல் தீவின் பெயரையே தாஸ்மேனியா என்று மாற்றினார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு மட்டும் 1868 வரை வந்துகொண்டிருந்தார்கள். அந்த ஜனவரியில் ஃப்ரீமான்டில் சேர்ந்த ஹூகூமான்ட்தான் கடைசிக் கப்பல். இதே நூற்றாண்டில் பிரிட்டிஷ் ஆட்சி சென்னை மாகாணத்துக் கைதிகளைப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பிச் சாலையும் கட்டடமும் எழுப்பியது. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

விழாவுக்குப் பிறகு முதியவர்கள் என்ன ஆனார்கள் என்று தேடியதில் போர்ட் ஆர்தரின் பிற்காலக் கட்டடங்கள் கிடைத்தன. 1860களில் அங்கே ஆதரவற்ற முதியவர்களுக்கு ஒரு கூடமும், மனநலம் குன்றியவர்களுக்கு ஒரு காப்பகமும் கட்டினார்கள். தண்டனைக் காலம் முடிந்தும் நிலமோ குடும்பமோ சேமிப்போ இல்லாமல், உழைக்கவும் உடம்பில் வலுவில்லாமல் போனவர்கள் அங்கே திரும்பினார்கள். 1877இல் போர்ட் ஆர்தர் மூடப்பட்டபோது எஞ்சியிருந்தவர்களை ஹோபார்ட்டுக்கு மாற்றினார்கள்.