கத்தியில் வெட்டிய பெயரும் கத்தியைத் தீட்டிய கையும்

ஒசாகாவில் சமையல் கத்தி விற்கும் கடையொன்றில் வேலை பார்க்கிறேன். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்குக் கத்தி காட்டுவது என் பொறுப்பு. கூட்டம் குறைந்த நேரத்தில் பின்கட்டுக்குப் போய்ப் பிடி பொருத்துவேன், பழுதாகி வந்த கத்திகளுக்குச் சாணைக்கல்லில் கூர் வைப்பேன். கண்ணாடிப் பெட்டி முன் வந்து நிற்பவர்களில் பலர் முதலில் கேட்பது, "இது என்ன எஃகு?" என்றுதான். இணையத்தில் படித்துவிட்டு வருகிறார்கள். ஷிரோகாமி, ஆஓகாமி, வி.ஜி.10 என்று எஃகு வகைகளை மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். "இதைத் தீட்டியது யார்?" என்று கேட்டவர் அநேகமாக ஒருவரும் இல்லை. முதலில் கேட்க வேண்டியது அதுதான் என்பது என் கட்சி.

எங்கள் சரக்கில் பெரும்பகுதி சாகாயிலிருந்து வருகிறது. ஒசாகாவுக்குத் தெற்கே ஒட்டிக்கிடக்கும் ஊர். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியாகத் துப்பாக்கியும் புகையிலையும் ஜப்பானுக்கு வந்தபோது இரண்டாலும் பிழைத்த ஊர் அது. துப்பாக்கியும் செய்தார்கள், புகையிலை நறுக்கும் கத்தியும் செய்தார்கள். அந்தப் புகையிலைக் கத்திக்கு, அப்போது ஜப்பானை ஆண்ட தோகுகாவா அரசு 'சாகாய் கிவாமே' என்று முத்திரை கொடுத்தது. இன்று ஜப்பானியச் சமையல்காரர்கள் கையில் இருக்கும் ஒருபக்கக் கூர்க் கத்திகளுக்கு முதலில் சொல்லப்படும் ஊர்ப் பெயர் சாகாய்தான். 1982இல் அந்தத் தொழிலை அரசு மரபுக் கைவினையாக அறிவித்தது.

அங்கே ஒரு கத்தியை ஒருவரே முழுக்கச் செய்வதில்லை. கொல்லர் அடிப்பதோடு சரி. தீட்டுவது வேறொரு வீடு, வேறொரு ஆள். பிடி செய்பவர் மூன்றாமவர். எல்லாவற்றையும் வாங்கிச் சேர்த்து, பிடி பொருத்தி, அலகில் எழுத்து வெட்டி விற்பவர் மொத்த வியாபாரி. ஆக, கத்தியில் நீங்கள் பார்க்கும் பெயர் பெரும்பாலும் வியாபாரியுடையது. கொல்லர் பெயரைக் கேட்டால் சில கடைகள் சொல்லும். தீட்டியவர் பெயரைச் சொல்லும் வழக்கம் அண்மைக் காலமாகத்தான் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது.

கொல்லர் பட்டறை பகலிலும் அரையிருட்டாகத்தான் இருக்கும். இரும்பின் நிறத்தைப் பார்த்தே சூட்டைக் கணிக்கிறவர்கள் அவர்கள். வெளிச்சம் கூடினால் நிறம் ஏமாற்றிவிடும். மெல்லிரும்புப் பாளத்தின் மேல் வெண்காரம் கலந்த பொடியைத் தூவி, எஃகுத் துண்டை வைத்து, உலையில் காய்ச்சி, அடித்து ஒட்டவைக்கிறார்கள். கூரைத் தாங்குவது எஃகு. அது முறியாமல் தாங்கிக்கொள்வதும், கல்லில் எளிதாகத் தேய்ந்துகொடுப்பதும் மெல்லிரும்பு. உருவம் வந்தபின் களிமண் பூசி உலர்த்தி, ஏறத்தாழ 800 டிகிரிக்குக் காய்ச்சித் தண்ணீரில் தோய்க்கிறார்கள். பிறகு 200 டிகிரிக்கும் குறைந்த சூட்டில் இளக்கி எடுக்கிறார்கள். அதைச் செய்யாவிட்டால் எஃகு கண்ணாடி மாதிரி தெறித்துவிடும். மெல்லிரும்பே சேர்க்காமல் முழு எஃகில் அடிப்பது ஹோன்யாகி. வாளின் வழியில் வந்தது, தோய்க்கும்போதே விரிசல் விட்டு வீணாவது அதில் அதிகம். விலையும் அப்படித்தான்: ஒரு லட்சம் யென்னுக்கு மேல் சாதாரணமாகப் போகும். வீட்டுச் சமையலுக்கு அதைக் கேட்டு வருகிறவர்களை நான் வேறு பக்கம் திருப்பிவிடுவேன்.

பார்க்க வருகிறவர்களை மயக்குவது இந்த நெருப்பு வேலை. படமெடுக்க வசதியான வேலையும் இதுதான். ஆனால் உலையிலிருந்து வெளிவருவது கறுத்த, தடித்த தகடு. அதைக் கொண்டு தக்காளிகூட நறுக்க முடியாது.

தீட்டுபவர் வீட்டில் நெருப்பும் இல்லை, தீப்பொறியும் இல்லை. தண்ணீரும் கல் சேறும் சக்கரச் சத்தமும்தான். அலகை ஒரு மரக்கட்டையில் பதித்து, அந்தக் கட்டையை உடம்பின் பாரத்தால் சுழலும் பெரிய கல்லின் மேல் அழுத்துகிறார். தேய்க்கத் தேய்க்க அலகு சற்றே வளையும். எடுத்துக் கண்ணருகே பிடித்துப் பார்க்கிறார், சுத்தியலால் தட்டி நிமிர்த்துகிறார், மறுபடி கல்லுக்குக் கொண்டுபோகிறார். ஒரு கத்திக்கே இது எத்தனையோ தடவை நடக்கிறது. முதுகிலிருந்து வாய் வரை எவ்வளவு மெலிய வேண்டும், நுனிப்பக்கம் எவ்வளவு, அடிப்பக்கம் எவ்வளவு என்பதெல்லாம் அவர் விரலில் இருக்கிறது. ஒருபக்கக் கூர்க் கத்தியென்றால் பின்புறத்தை லேசாகக் குழிவாக்க வேண்டும். உராசுகி என்பார்கள். வெட்டிய மீன் துண்டு அலகோடு ஒட்டிக்கொள்ளாமல் விழுவதற்கும், பின்னால் வீட்டில் கல்லில் தீட்டும்போது சுலபமாகத் தட்டையாவதற்கும் அந்தக் குழிவுதான் காரணம். கடைசியில் கல்பொடியைத் தேய்த்து மெல்லிரும்புப் பகுதியை மங்கலாக்கி, எஃகுப் பகுதியைப் பளபளப்பாக விடுகிறார். காசுமி, அதாவது மூடுபனி, என்ற பெயர் அந்த மங்கலால் வந்தது.

ஒரே கொல்லர், ஒரே எஃகு, ஒரே நீளம், ஆனால் தீட்டியவர் வேறுவேறு என்று இரண்டு சாந்தோகு (வீட்டில் எல்லாவற்றுக்கும் புழங்கும் கத்தி) கத்திகள் கடைக்கு வந்தால் பின்கட்டில் முள்ளங்கியை வைத்து வெட்டிப் பார்ப்போம். ஒன்று சத்தமில்லாமல் பலகையைத் தொடும். இன்னொன்று பாதி வழியில் முள்ளங்கியைப் பிளக்கும், 'டக்' என்று சத்தம் கேட்கும். இரண்டும் காகிதத்தை ஒன்றுபோலச் சீவும். வித்தியாசம் கூரில் இல்லை, கூருக்கு மேலே இருக்கிற தடிமனில் இருக்கிறது. கூர் மழுங்கினால் நீங்களே வைத்துக்கொள்ளலாம். தடித்துப்போன அலகை மெலிவாக்குவது வீட்டில் ஆகிற காரியமில்லை. எஃகைப் பற்றிய பேச்சைவிடத் தீட்டியவரைப் பற்றிய பேச்சு முக்கியம் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

எஃகை ஒரேயடியாக ஒதுக்கச் சொல்லவில்லை. ஷிரோகாமியும் ஆஓகாமியும் ஷிமானே மாவட்டத்து யாசுகியில் உருவாகின்றன. அவற்றைச் செய்யும் நிறுவனம் முன்பு ஹிட்டாச்சி மெட்டல்ஸ், 2023இல் ப்ரோட்டீரியல் என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஷிரோகாமி 2ஆம் எண் எஃகில் கார்பன் 1.05 முதல் 1.15 விழுக்காடு, மற்றபடி பெரிதாக ஒன்றும் சேர்ப்பதில்லை. கல்லில் வைத்ததும் கூர் ஏறும். ஆஓகாமியில் டங்ஸ்டனும் கொஞ்சம் குரோமியமும் சேர்வதால் கூர் கூடுதல் நாள் நிற்கும், தீட்ட ஏறக்குறைய அதே கூடுதல் பாடு. இரண்டும் துருப்பிடிக்கும். வி.ஜி.10 ஃபுகுயி மாவட்டத்து எஃகு, குரோமியம் 15 விழுக்காடு அளவில் இருப்பதால் எளிதில் துருவேறாது. சமையலறையில் கத்தியைக் கழுவி உடனே துடைத்துவைக்கிற பழக்கம் உள்ளவரா நீங்கள்? உங்கள் வீட்டில் மற்றவர்களும் அப்படித்தானா? இந்த இரண்டாவது கேள்விக்குச் சிரித்தால் வி.ஜி.10 போன்ற எஃகு, இல்லையென்றால் நடுவில் கார்பன் எஃகும் இருபுறமும் துருவேறாத எஃகும் வைத்துச் செய்த கத்தி. அதற்கு மேல் ஆராய்ச்சி வேண்டாம்.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். என் பேச்சைக் கேட்டதும் "தம்பி நம்ம ஊரா?" என்பார்கள். அப்புறம் கேள்விகள் வேறு மாதிரி வரும். மதுரைப் பக்கத்து அம்மா ஒருவர் க்யூதோ என்ற நீண்ட, மெல்லிய சமையல் கத்தி ஒன்றைக் கையில் எடுத்து, "இதுல வஞ்சிரம் துண்டு போடலாமா தம்பி?" என்றார்.

"நடுமுள்ளோட போடக் கூடாதும்மா. வாய் தெறிச்சிடும்."

"தேங்கா?"

"அதுக்கு நம்ம அருவாளே போதும்மா."

"அப்ப இம்புட்டு வெல குடுத்து வாங்கி என்னத்த அறுக்கிறது?"

நியாயமான கேள்வி. ஜெர்மன் கத்திகள் ராக்வெல் அளவில் 56, 58 என்ற கடினத்தில் இருக்கும். ஜப்பானியக் கத்திகள் 60க்கு மேல் 64 வரைக்கும் போகும். கடினம் கூடினால் மெலிவாகத் தீட்டலாம், கூர் நாள்பட நிற்கும், கூடவே தெறிக்கிற குணமும் வரும். எலும்பு, உறைந்த இறைச்சி, பரங்கிக்காயை நடுவில் செருகி முறுக்கிப் பிளப்பது எல்லாம் ஆகாது. ஜப்பானியர்களே மீன் தலையை எடுக்க தேபா என்ற தடித்த கத்தியைத் தனியாக வைத்திருக்கிறார்கள், அதையும் மூட்டுப் பார்த்துத்தான் இறக்குவார்கள். அந்த அம்மாவிடம் நாகிரியைக் காட்டினேன். நேரான வாய், செவ்வக அலகு, 165 மில்லிமீட்டர், இருபக்கக் கூர், காய்கறிக்கென்றே உள்ளது. பீன்ஸும் வெங்காயமும் முட்டைக்கோஸும் நாளெல்லாம் நறுக்குகிற வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமானது எங்கள் கடையில் இல்லை. மீனுக்கு ஊர் அரிவாள்மனையே இருக்கட்டும் என்றேன்.

கூட வந்த மகனுக்கு அலை அலையாகக் கோலம் விழுந்த டமாஸ்கஸ் கத்திதான் வேண்டும். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வரிகள் வெளித்தகட்டில் இருப்பவை. வெட்டுவது நடுவில் இருக்கும் வேறு எஃகு. ஆலையிலேயே அடுக்கிச் சேர்த்து வருகிற தகடுகளும் உண்டு, அதை வாங்கி அடித்துத் தோய்த்துத் தீட்டினாலும் 'கையால் செய்தது' என்றே எழுதலாம். அதில் மோசடி ஒன்றும் இல்லை, சூடேற்றித் தோய்ப்பதும் தீட்டுவதும் உண்மையிலேயே கைவேலை. வரிகளுக்காக நாலாயிரம் யென் கூடுதலாகக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தால் போதும். மகன் தெரிந்தே கொடுத்தார்.

சாகாய்க்குச் சொன்னது எல்லா ஊருக்கும் பொருந்தாது. எச்சிசெனிலும் சான்ஜோவிலும் அடிப்பதும் தீட்டுவதும் ஒரே பட்டறையில் நடப்பது சகஜம். எச்சிசென் கத்தித் தொழிலுக்கு 1337இல் கியோத்தோவிலிருந்து வந்த சியோசுரு குனியாசு என்ற வாள் கொல்லரைத் தொடக்கமாகச் சொல்வார்கள். அங்கே தாகேஃபு கத்திக் கிராமம் என்ற பொதுப் பட்டறையில் பல கொல்லர்கள் ஒரே கூரையின் கீழ் வேலை செய்வதைப் பார்க்கலாம். செகி ஆலைக் கத்திகளுக்குப் பேர்போனது. ஆலைக் கத்தி என்றால் மட்டம் என்று நினைக்க வேண்டாம். அவசரத்தில் தீட்டிய கைவேலையைவிட ஒழுங்கான ஆலைக் கத்தி மேல்.

தீட்டியவர் பெயரைச் சொல்ல ஆளில்லாத கடையில் வாங்க நேர்ந்தால் கண்ணையும் விரலையும் நம்புங்கள். கத்தியைக் கையில் எடுத்துப் பார்க்க அனுமதி கேட்டால் நல்ல கடை மறுக்காது. முதுகை மேலாக்கிப் பிடித்து, அடியிலிருந்து நுனி வரை ஒரு கண்ணை மூடிக்கொண்டு நோக்குங்கள். முதுகு நேராக ஓட வேண்டும், அடியில் தடித்து நுனிக்குப் போகப் போக மெலிய வேண்டும். அடியிலிருந்து நுனி வரை ஒரே தடிமன் என்றால் தகட்டை அப்படியே வெட்டி எடுத்திருக்கிறார்கள். பிறகு விளக்கொளியை அலகின் மேல் ஓடவிடுங்கள். ஒளி தடங்கலின்றி வழுக்கிப்போனால் தளம் சீர். நடுவில் நெளிந்தால் அங்கே ஒரு குழியோ மேடோ இருக்கிறது. ஒருபக்கக் கூர்க் கத்தியில் ஷினோகி என்ற முகட்டுக் கோடு துலக்கமாக இருக்கிறதா, பின்புறத்தைச் சுற்றியுள்ள மெல்லிய தட்டைப் பட்டை எல்லா இடத்திலும் ஏறத்தாழ ஒரே அகலமா என்று பார்க்க வேண்டும். என் அனுபவத்தில் தீட்டியவரின் தரத்தைக் காட்டிக்கொடுப்பதில் அந்தப் பட்டைக்கு இணை வேறில்லை. ஆள்காட்டி விரல் படுகிற முதுகுப் பகுதியை உருட்டிவிட்டிருக்கிறார்களா, விளிம்பு அறுக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். அரைமணி நேரம் நறுக்கினால் அந்த விளிம்பு விரலில் காய்ப்பேற்றிவிடும்.

இடக்கையர்கள் வாசலிலேயே சொல்லிவிடுவது நல்லது. யனாகிபா, தேபா, உசுபா போன்ற ஒருபக்கக் கூர்க் கத்திகள் எல்லாம் வலக்கைக்கென்று தீட்டப்பட்டவை. இடக்கைக்குத் தனியாகச் செய்ய வேண்டும், விலையும் கூடும்.

வாங்கிய கத்தியைக் கடையிலேயே உறை பிரித்துக் காட்டிக்கொண்டு தெருவில் நடக்காதீர்கள். தக்க காரணமில்லாமல் 6 சென்டிமீட்டருக்கு மேல் அலகுள்ள கத்தியை எடுத்துத் திரிவது ஜப்பானில் சட்டப்படி குற்றம். நாங்கள் கட்டிக்கொடுக்கிற பொட்டலத்தைத் தங்குமிடம் வரை பிரிக்காமல் கொண்டுபோய், விமானத்தில் சரக்குப் பெட்டியில் போட்டுவிடுங்கள்.

30,000 யென்னோடு வருகிறவருக்கு நான் போட்டுக்கொடுக்கும் கணக்கு இது: 18,000க்குள் கத்தி, நாலாயிரம் சொச்சத்துக்கு 1000 எண் சாணைக்கல், இன்னொரு நாலாயிரத்துக்கு ஹினோகி என்ற ஜப்பானிய சைப்ரஸ் மரப்பலகை. பலகை கண்ணாடியாகவோ கிரானைட்டாகவோ இருந்தால் கத்தி எந்த ஊர்க்காரர் தீட்டியதானாலும் ஒரு வாரம்கூடத் தாங்காது. கல்லில் பிசிறு எழும்பும் வரை தீட்டி, மறுபுறம் திருப்பிப் பிசிறை எடுக்கிற வேலையைக் கடையிலேயே கால்மணி நேரம் செய்துகாட்டுவேன், அதற்குக் காசு இல்லை. மிச்சப் பணத்தில் ஒகோனோமியாகி என்ற முட்டைக்கோஸ் அடை சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்பேன். சிலர் கல்லை வேண்டாமென்று வைத்துவிட்டு அந்தப் பணத்தையும் கத்தியிலேயே போடுவார்கள். அவர்களை மட்டும் என் முதலாளி வாசல்வரை வந்து வழியனுப்புவார், ஏனென்றால் அடுத்த தடவை ஒசாகா வரும்போது அந்தக் கத்தியைத் தீட்டக் கொண்டுவருவார்கள் என்று அவருக்குத் தெரியும்.