விலை தெரியாத வாரம்

ஜூன் 8, ஞாயிறு

காலையில் மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலர் வந்து ரத்த அழுத்தம் பார்த்தார். "போன மாதத்தைவிட ஏறியிருக்கிறது அண்ணா. மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" என்றார்.

"மாத்திரை வயிற்றுக்குள் போய்விட்டது அம்மா. மாங்காய்தான் இன்னும் மரத்தில் நிற்கிறது."

அவருக்குப் புரிந்துவிட்டது, அவர் வீட்டிலும் பெங்களூரா மாமரங்கள் உண்டு. இந்தத் திட்டத்தை 2021 ஆகஸ்டில் முதலமைச்சர் தொடங்கிவைத்ததே நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரிப் பக்கம் சாமனப்பள்ளியில்தான். தன்னார்வலர் ரத்த அழுத்தம் குறிக்கும் நோட்டில் ஜூன் மாதப் பக்கங்களை மட்டும் புரட்டினால் அந்தந்த ஆண்டு மாங்காய் விலையைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. "கவலைப்படாதீர்கள்" என்றபடி அடுத்த வீட்டுக்குப் போனார். யாரும் ஆசைப்பட்டுக் கவலைப்படுவதில்லை.

ஜூன் 10, செவ்வாய்

பறிப்புக்கு ஆள் சொல்லியாகிவிட்டது. மாங்கூழ் தொழிற்சாலை இன்னும் விலை சொல்லவில்லை. செல்போன் அடித்தால் வயிறு புரள்கிறது, எடுத்தால் சிலிண்டர்க்காரர். நள்ளிரவு தாண்டியதும் விழிப்பு வந்துவிடுகிறது. பறிகூலி, டிராக்டர் வாடகை, மருந்துக்கடை பாக்கி என்று பால் கறக்கும் நேரம்வரை கூட்டிக்கொண்டே படுத்திருக்கிறேன்.

"தோட்டம் எங்கும் ஓடிவிடாது, படுங்கள்" என்றாள் மனைவி.

ஜூன் 11, புதன்

தங்கை மகள் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரியில் படிக்கிறாள். அவளிடம் சொன்னால் அறிவுரை வராது, விளக்கம் வரும். எனக்கு அதுதான் பிடிக்கும்.

சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியில்தான் கதை தொடங்குகிறதாம். ஆபத்து என்று மூளை நினைத்ததும் அட்ரினலின் என்ற ஹார்மோன் பாய்ந்து நெஞ்சு படபடக்கிறது. பின்னாலேயே கார்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன் வந்து ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றிவைக்கிறது. செரிமானம் ஒதுங்கிக்கொள்கிறது. "எதிரே யானை வந்தால் இதெல்லாம் வேண்டும் மாமா. ஓடலாம். யானை போனதும் உடம்பும் அடங்கிவிடும். உங்கள் யானை வாசலிலேயே நிற்கிறது" என்றாள். காட்டை ஒட்டிய தளி, அஞ்செட்டிக்காரர்களிடம் இந்த உவமை எடுபடாது. அவர்களுக்கு நிஜ யானையே வாசலில்தான்.

1936-ல் ஹான்ஸ் செல்யே என்ற மருத்துவர் எலிகளைக் குளிரில் வைத்தார், காயப்படுத்தினார், மருந்து கொடுத்தார், ஓயாமல் ஓடவைத்தார். துன்பம் எதுவானாலும் உடம்பில் விளைந்த சேதம் ஒன்றே: அட்ரினல் வீங்கியது, இரைப்பையில் புண் வந்தது. இதைக் கேட்டதும் எனக்கு ஏனோ நிம்மதியாக இருந்தது. வயிறு எரிவது என் கோழைத்தனம் இல்லை.

ஜூன் 13, வெள்ளி

தொழிற்சாலையில் காய் இறக்க டோக்கன் கிடைத்தது. விலை மட்டும் கிடைக்கவில்லை. தொழிற்சாலை வாசலில் வரிசை வளைவையும் தாண்டி நிற்கிறது. டிராக்டர்களின் அடியில் துண்டு விரித்து ஆட்கள் படுத்திருக்கிறார்கள். எல்லாக் கைகளிலும் மாம்பால் பட்ட கறுத்த தழும்பு. என் லோடின் அடியில் கையை விட்டுப் பார்த்தேன். காய் இளக ஆரம்பித்துவிட்டது, புளித்த வாசனை விரலோடு வந்தது.

தங்கை மகள் சொன்னபடி மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கிப் பார்த்தேன். படபடப்பு உண்மையிலேயே இறங்கியது. மூச்சு இதயத்துக்குத்தான் மருந்து. விலையை அது என்ன செய்யும்?

பக்கத்து வண்டிக்காரர் மதியமும் சாப்பிடவில்லை, யாரோடும் பேசவில்லை. "இனி எதற்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது எனக்குச் சரியாகப் படவில்லை. வீட்டிலிருந்து கொண்டுபோன களியைப் பங்கு வைத்து அவரைச் சாப்பிடவைத்தேன். 14416 என்ற டெலி மனாஸ் மனநல உதவி எண்ணை எழுதிக் கொடுத்தேன். இரவு பகல் எப்போதும் பேசலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. அவர் மகனையும் அழைத்து, அப்பாவைத் தனியாக விட வேண்டாம் என்று சொன்னேன்.

ஜூன் 14, சனி

தங்கை மகள் இன்னொன்றும் அனுப்பியிருந்தாள். 2016-ல் லண்டனில் 45 பேரைக் கணினி விளையாட்டு ஒன்றில் உட்காரவைத்தார்கள். எந்தக் கல்லின் கீழ் பாம்பு என்று ஊகிக்க வேண்டும். பாம்பு வந்தால் கையில் மின்அதிர்ச்சி. அதிர்ச்சி நிச்சயம் என்று தெரிந்தபோதுகூட அவர்களுக்கு அவ்வளவு பதற்றம் இல்லை. பாதிக்குப் பாதி வரலாம், வராமலும் போகலாம் என்ற இடத்தில்தான் உச்சம்.

என்னை வாட்டுவது குறைந்த விலை இல்லை, சொல்லப்படாத விலை. குறைந்த விலையை எத்தனையோ முறை பார்த்தாகிவிட்டது. மனைவியோடு உட்கார்ந்து கெடு வைத்தோம்: நாளை இரவுக்குள் வண்டி உள்ளே போகாவிட்டால் மண்டிக்குத் திருப்புவது.

ஜூன் 17, செவ்வாய்

மண்டிக்கே திருப்பினேன். வாடகை, கூலி போக மிஞ்சியதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மருந்துக்கடைக்குப் பாதிதான் கட்ட முடிந்தது. ஆனாலும் நேற்றிரவு அடித்துப் போட்டாற்போல் தூங்கினேன். பணம் வந்த மகிழ்ச்சியா அது? இல்லை, கணக்கு முடிந்ததுதான்.

ஜூன் 20, வெள்ளி

ஆட்சியர் அலுவலகத்தில் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு மனு எழுதினேன். பறிப்புக்கு முன்பே கொள்முதல் விலையை அறிவிக்க வேண்டும் என்பது முதல் கோரிக்கை. தியானமும் நடைப்பயிற்சியும் எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. விலையை முதலில் சொல்லுங்கள், மூச்சை நாங்களே பார்த்துக்கொள்கிறோம். வரிசையில் நிற்பவர்களுக்கு நிழலும் குடிநீரும் என்பதை மனைவி சேர்க்கச் சொன்னாள்.

இனி கையெழுத்துகள். ஞாயிறன்று போச்சம்பள்ளிச் சந்தையில் பாதிப் பேரையாவது பிடித்துவிடலாம். களி சாப்பிட்டவரும் வருவதாக அவர் மகன் சொல்லியிருக்கிறான்.