கோட்டை மேட்டில் குழி வெட்டுவதற்கு முன் நாங்கள் பட்ட பாடு

இங்கிலாந்தில், வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஒரு கிராமத்தில் இருக்கும் நார்மன் காலக் (கி.பி. 11-12-ஆம் நூற்றாண்டு) கோட்டை மேட்டில், அதாவது கோட்டைக்காக மண்ணைக் குவித்து எழுப்பிய மேட்டில், எங்கள் உள்ளூர்த் தொல்லியல் குழு ஒருவழியாக அகழாய்வை முடித்துவிட்டது. மண்ணைவிடக் காகிதம்தான் எங்களைப் பாடாய்ப்படுத்தியது என்பதால், அடுத்து இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மேடு 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னம் என்பதால் அதில் குழி வெட்டப் பண்பாட்டுத் துறை அமைச்சரின் இசைவு வேண்டும். கட்டணம் இல்லாத அந்த விண்ணப்பம் சிக்கலின்றி நகர்ந்தது. மண்ணைத் தொடாமல் கருவியைக் கொண்டு நிலத்தடியை அளப்பதற்கும் அதே சட்டத்தின் 42-ஆம் பிரிவின்கீழ் தனி உரிமம் வாங்க வேண்டும் என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். சரிவில் வளை தோண்டி வாழும் பேட்ஜர் என்னும் விலங்குகளுக்கும் 1992-ஆம் ஆண்டுச் சட்டப் பாதுகாப்பு உண்டு. புதிதாகத் தள்ளிய மண் கண்ணில் பட்டதால் நாங்கள் குழியின் இடத்தையே மாற்றினோம்.

உண்மையில் எங்களை அலைக்கழித்தது ஓர் அருங்காட்சியகம். கண்டெடுப்பவற்றை எங்கே ஒப்படைக்கப் போகிறோம் என்று எழுத்தில் காட்டினால்தான் எங்கள் ஆய்வுத் திட்டம் ஏற்கப்படும் என்ற நிலை. தொலைபேசியில் பேசியவர் தாராளமாகக் கொண்டுவரலாம் என்றார். அதை நம்பிப் படிவங்களோடு நேரில் போனபோது, வரைபடத்தை ஒரு பார்வை பார்த்த அலுவலர், மேடு பக்கத்து மாவட்டத்தில் இருப்பதாகச் சொல்லி எல்லாவற்றையும் அப்படியே திருப்பித் தந்துவிட்டார். பக்கத்து மாவட்டத்திலோ இடமில்லாததால் புதிய தொகுப்புகளை ஏற்பதையே நிறுத்தியிருந்தார்கள். தொலைபேசியிலேயே ஊரின் பெயரைக் கேட்டிருந்தால் எங்களுக்கு ஒரு பருவமே மிச்சமாகியிருக்கும் என்பதை நினைக்கும்போது இப்போதும் ஆற்றாமையாக இருக்கிறது.

கடைசியில் கைகொடுத்தது, எதை வைத்துக்கொள்வோம், எதைப் பதிவுசெய்துவிட்டுக் கழிப்போம் என்று வகைவாரியாக எழுதிய தேர்வுத் திட்டம்தான். எத்தனை பெட்டிக்கு மேல் போகாது என்று அதில் உறுதி கூறியதும் பக்கத்து மாவட்டத்தார் விதிவிலக்காக ஒப்புக்கொண்டார்கள். உடனே இன்னொரு தடை வந்தது. இங்கிலாந்தில் புதையல் சட்டத்துக்குள் வராத பொருள்கள் நில உரிமையாளருக்கே சொந்தம். மேடு இருக்கும் நிலமோ அண்ணன் தங்கை இருவர் பெயரில் இருந்தது. தங்கையின் கையெழுத்து வெளியூரிலிருந்து வந்து சேரும்வரை பொருள்களை அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கும் உரிமை மாற்றுப் பத்திரம் செல்லாது என்றார்கள். நிலப் பத்திரத்தில் யார் யார் பெயர் இருக்கிறது என்பதை முதல் நாளிலேயே பார்த்துவிடுங்கள்.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நார்மன்கள் எழுப்பியது என்றே பலரும் கருதிவந்த மார்ல்பரோ மேட்டில் (இதுவும் இங்கிலாந்தில்தான்) 2010-இல் துளையிட்டு எடுத்த கரித்துண்டுகளைக் கதிரியக்கக் கரிம முறையில் காலம் கணித்ததில், அது கி.மு. 2400 அளவில் எழுந்தது எனத் தெரிந்தது. எங்கள் மேட்டையும் அப்படிச் சோதித்துப் பார்க்காமல் விட எங்களுக்கு மனம் வரவில்லை.

உச்சியில் குறுகிய குழி வெட்டி மரக் கோபுரத்தின் தடயத்தைத் தேடலாம் என்று சிலர் வற்புறுத்தினார்கள், நான் எதிர்த்தேன். வேல்ஸில் ஹென் டோமன் என்னும் நார்மன் மரக்கோட்டை மேட்டில் தொல்லியலாளர் பிலிப் பார்க்கர் 1960-இல் தொடங்கிய ஆய்வு, பரந்த பரப்பைத் திறந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்ததால்தான் மரக்கட்டடங்களை அடையாளம் காண முடிந்தது. ஆகவே சரிவின் அடிவாரத்திலேயே வெட்டினோம். குழிச் சுவரைக் கரண்டியால் சுரண்டிச் சீராக்கியபோது மஞ்சள் களிமண்ணும் சரளையும் மாறி மாறி அடுக்கியிருந்தது தெரிந்தது. அவற்றுக்குக் கீழே, மேடு எழும்பும் முன் இருந்த புல்தரை விரற்கடை அளவுக்குக் கரும்பட்டையாகப் படிந்திருந்தது. அதில் நெல்மணி அளவுக் கரித்துண்டுகள் கிடைத்தபோது எங்களுக்கு உண்டான மகிழ்ச்சிக்கு அளவில்லை.

மேட்டின் மண்ணுக்குள் கிடைக்கும் கரியை மட்டும் நம்பாதீர்கள்; அகழியை வெட்டிக் கொட்டிய மண்ணோடு பழைய கரியும் வந்திருக்கலாம். முதிர்ந்த ஓக் மரத்தின் நடுக்கட்டையும் உண்மையைவிடப் பழைய காலத்தைக் காட்டும் என்பதால், சிறு சுள்ளிகளையும் கருகிய தானியத்தையும் மட்டும் பொறுக்கி ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறோம். மற்றவை பெட்டிகளில் அடைபட்டு, அருங்காட்சியகத்தின் பதிவெண்ணோடு தயாராக இருக்கின்றன.