முகாம் முடிந்ததும் இறங்கிய மதிப்பெண்

மேல்நிலை மாணவர்கள் 40 பேருக்கு மூன்று நாள் வெளிப்புறக் கல்வி முகாம். பொறுப்பு என் தலையில் விழுந்ததும் நான் முதலில் எழுதியது கூடாரம், கயிறு, முதலுதவிப் பெட்டி என்று ஒரு பட்டியல்தான். நோக்கம் என்ற கட்டத்தில் "தலைமைப் பண்பு, தன்னம்பிக்கை, குழு உணர்வு" என்று போட்டுவிட்டேன். அதைப் படித்த மூத்த ஆசிரியர் ஒருவர், "சரி சார், மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரு பையன் எதைச் செய்து காட்டினால் அவனுக்குத் தன்னம்பிக்கை வந்துவிட்டது என்று எழுதுவீர்கள்?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

நோக்கத்தை மாற்றி எழுதவே ஒரு வாரம் ஆனது. நான்கு பேர் கொண்ட குழு, ஆசிரியர் வாய் திறக்காமல், வரைபடமும் திசைகாட்டியும் கொண்டு 2 கி.மீ. தள்ளியிருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துச் சேர வேண்டும். இப்படி எழுதினால் நடந்ததா இல்லையா என்று பார்த்துச் சொல்லலாம். பெற்றோர் ஒப்புதல், ஒவ்வாமை விவரம், பாதையை முன்கூட்டியே நடந்து பார்ப்பது எல்லாம் அலுப்பான வேலை, ஆனால் தடுமாற்றம் இல்லாமல் முடிந்தது.

தடுமாறியது நேரக் கணக்கில். ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு ஒன்று உண்டு: மணிக்கு 5 கி.மீ., அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம் கூடுதல். எங்கள் பாதை 9 கி.மீ., ஏற்றம் 300 மீட்டர். இரண்டே கால் மணி நேரம் போதும் என்று போட்டேன். நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அது நடந்து பழகியவர்கள் நிற்காமல் போவதற்கான கணக்கு. முதுகில் பையோடு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஷூ கயிறு கட்டும் பிள்ளைகளுக்கானது இல்லை. தாமதத்தை ஈடுகட்ட நான் வெட்டியது மாலைக் கலந்துரையாடலை. செய்ததைத் திரும்பிப் பார்த்துப் பேசினால்தான் அனுபவம் பாடமாகும் என்று கல்விக் கோட்பாட்டாளர் டேவிட் கோல்பின் கற்றல் சுழற்சியை மேற்கோள் காட்டித் திட்டம் எழுதியவனும் நானேதான்!

அப்புறம் மதிப்பீடு. "வரைபடம் பார்த்து வழி கண்டுபிடிக்க எனக்குத் தெரியும்" என்ற வரிக்கு 5-க்கு எத்தனை என்று முகாமுக்கு முன்னும் பின்னும் கேட்டோம். முதல் நாள் பெரும்பாலோர் 4 போட்டிருந்தார்கள். கடைசி நாள் 3. கற்றுக்கொடுத்த பிறகு மதிப்பெண் இறங்குகிறதே, முகாம் தோல்வி என்றே அறிக்கை எழுத உட்கார்ந்தேன். நல்லவேளை, ஒரு மாணவியிடம் கேட்டேன். "அப்போ போனில் வழி பார்ப்பதை நினைத்து 4 போட்டேன் சார். இப்போதுதான் எவ்வளவு தெரியாதென்று தெரிகிறது" என்றாள். திறமை குறையவில்லை, அளக்கும் கோல் நகர்ந்திருக்கிறது. ஆய்வாளர்கள் இதை 'ரெஸ்பான்ஸ் ஷிஃப்ட்' என்கிறார்கள்.

அடுத்த முகாமில், முடிந்த பிறகே இரண்டையும் கேட்டோம்: இப்போது எத்தனை, வரும்போது உண்மையில் எத்தனை இருந்திருக்கும்? நம்மைத் திருப்திப்படுத்த, வரும்போது இருந்த மதிப்பெண்ணைக் குறைத்துப் போடுகிறவர்களும் உண்டு என்பதால் இதை மட்டும் நம்ப முடியாது. திரும்பும் பேருந்தில் படிவம் கொடுப்பதையும் நிறுத்தினேன். பாட்டுப் பாடிக்கொண்டே எல்லாவற்றுக்கும் 5 போடுகிறார்கள். இப்போது ஆறு வாரம் கழித்து இன்னொரு படிவம் கொடுக்கிறோம்.

ஆனால் எனக்கு அதிகம் உதவியது உடன்வந்த ஆசிரியர்களின் பாக்கெட் நோட்டு. அதில் ஒரு வரி: "ஓடை இடப்பக்கம் வரவேண்டும், வலப்பக்கம் இருக்கிறது என்று சொல்லி, மூன்று பேர் முனகியும் குழுவைத் திருப்பி அழைத்து வந்தாள்." அந்தப் பெண் தன் படிவத்தில் தலைமைப் பண்புக்குப் போட்டிருந்த மதிப்பெண் 2.