கம்பெனி கைமாறும்போது அப்பாயின்ட்மென்ட் லெட்டரில் இருக்கும் பெயரைப் பாருங்கள்

பன்னாட்டு நிறுவனத்தில் வேலை பார்ப்பவரிடம் ‘எங்கே வேலை?’ என்று கேட்டால் ஐடி கார்டில் இருக்கும் பிராண்டின் பெயரைச் சொல்வார். சட்டத்தின் கண்ணில் அவருடைய முதலாளி வேறு ஆள். அப்பாயின்ட்மென்ட் லெட்டரின் கடைசியில், கையெழுத்துக்கு மேலே, ‘இந்தியா பிரைவேட் லிமிடெட்’ என்று முடியும் ஒரு பெயர் இருக்கும். பே ஸ்லிப்பிலும் அதே பெயர்தான். சம்பளம், பி.எஃப்., கிராஜுவிட்டி என எல்லாவற்றுக்கும் பொறுப்பு அந்தத் துணை நிறுவனத்துக்கே. கடல் தாண்டி இருக்கும் தாய் நிறுவனத்தின் மீது நேரடியாக உரிமை கோர வழி அநேகமாக இல்லை. ஆகவே நிறுவனம் விற்கப்படுகிறது, இணைக்கப்படுகிறது என்று செய்தி வந்தால், வாங்குகிறவர் யார் என்பதைவிட ‘என் லெட்டரில் இருக்கும் கம்பெனி அந்த ஒப்பந்தத்துக்குள் வருகிறதா?’ என்பதுதான் முதலில் தெரிய வேண்டிய விஷயம்.

இதற்கு ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. கைபேசிப் பிரிவை மைக்ரோசாஃப்ட்டுக்கு விற்பதாக நோக்கியா 2013 செப்டம்பரில் அறிவித்தது. 2014 ஏப்ரல் 25 அன்று உலகம் முழுக்க அந்தப் பிரிவு கைமாறியது. ஸ்ரீபெரும்புதூர் ஆலை போகவில்லை. வருமான வரித் தகராறில் நோக்கியாவின் இந்தியச் சொத்துகள் முடக்கப்பட்டிருந்தன. அவற்றை மாற்றிக்கொடுக்க வேண்டுமானால் 3,500 கோடி ரூபாய்க்கு உத்தரவாதம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சில் சொன்னது. நோக்கியா ஆலையை ஒப்பந்தத்திலிருந்து வெளியே எடுத்துவிட்டது. அதன்பின் அந்த ஆலை, கைபேசித் தொழிலையே விட்டுவிட்ட ஒரு நிறுவனத்தின் சொத்தாக, மைக்ரோசாஃப்ட் என்ற ஒரே வாடிக்கையாளருக்குக் கூலிக்கு உற்பத்தி செய்யும் இடமாக மாறியது. ஏறத்தாழ 5,000 பேர் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு போனார்கள். மைக்ரோசாஃப்ட் சேவை ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டதும் 2014 நவம்பர் 1 முதல் ஆலை நின்றது. அந்தத் தொழிலாளர்களின் திறமையிலோ உற்பத்தித் தரத்திலோ ஒரு குறையும் இல்லை. அவர்கள் பெயர் எந்தக் கம்பெனியின் பேரேட்டில் இருந்தது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. இன்றும் அதை நினைத்தால் மனம் ஆறுவதில்லை.

இந்தியாவில் இருக்கும் பெரும்பாலான ஐ.டி. மையங்களின் அமைப்பும் இப்படித்தான். துணை நிறுவனத்துக்கு வெளி வாடிக்கையாளரே இருக்க மாட்டார். சம்பளம், வாடகை, மின்சாரம் என்று ஆன செலவின் மேல் ஒரு சதவீத லாபம் சேர்த்துத் தாய் நிறுவனத்துக்கு பில் போடும், வருமானம் அவ்வளவே. புதிய உரிமையாளருக்கு அதே ஊரில் ஏற்கெனவே ஒரு மையம் இருந்தால், இரண்டு பில்களில் ஒன்று எதற்கு என்ற கேள்வி வரும். ஃபைனான்ஸ், எச்.ஆர்., உள் ஐ.டி. சப்போர்ட், கொள்முதல் ஆகிய பிரிவுகளில்தான் ஆட்குறைப்பு முதலில் தொடங்கும். இரண்டு பக்கமும் அச்சாக ஒரே வேலையைச் செய்பவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

கைமாறுவதில் மூன்று வழிகள் உண்டு. முதலாவது பங்கு விற்பனை. மேலே இருக்கும் பங்குதாரர் மாறுவார். இந்தியத் துணை நிறுவனம் அப்படியே இருக்கும். உங்கள் லெட்டர், பி.எஃப். கணக்கு, பணிக்காலம் எதுவும் அசையாது. யாராவது புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்டால் ஏன் என்று கேட்கலாம். சட்டப்படி அதற்குத் தேவையே இல்லை. இரண்டாவது, தொழிலை மட்டும் பெயர்த்து விற்பது. ‘ஸ்லம்ப் சேல்’ என்பார்கள். இதில் முதலாளியே மாறுகிறார். மூன்றாவது, கம்பெனிகள் சட்டம் 2013-இன் 230 முதல் 232 வரையிலான பிரிவுகளின்படி என்.சி.எல்.டி. எனப்படும் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் உத்தரவோடு நடக்கும் இணைப்பு. தாய் நிறுவனமும் அதன் முழு உடைமையான துணை நிறுவனமும் இணைய 233-ஆம் பிரிவில் குறுக்கு வழி ஒன்றும் இருக்கிறது.

பலர் கவனிக்கத் தவறுவது இரண்டாம் அலையை. உலக அளவில் ஒப்பந்தம் முடிந்ததும் ‘எதுவும் மாறாது’ என்று டவுன் ஹாலில் (எல்லா ஊழியர்களையும் கூட்டும் கூட்டத்தில்) சொல்வார்கள். அன்றைக்கு அது உண்மைதான், ஏனென்றால் அது பங்கு விற்பனை. ஓரிரு வருடம் கழித்து, ஒரே குழுமத்துக்கு இந்தியாவில் இரண்டு துணை நிறுவனங்கள் எதற்கு என்று என்.சி.எல்.டி. வழியாக இரண்டையும் சேர்ப்பார்கள். பே ரோல், இன்ஷூரன்ஸ், கிரேடு எல்லாம் மாறுவது அப்போதுதான். தீர்ப்பாயத்தில் தாக்கலாகும் திட்டத்தில் ஊழியர்களுக்கென்று ஒரு பத்தி வழக்கமாக இருக்கும். பணி முறியாது, நிபந்தனைகள் குறையாது, பழைய பணிக்காலம் கணக்கில் சேரும் என்ற மூன்றும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். ‘அப்பாயின்டட் டேட்’ என்று ஒரு தேதி போட்டிருப்பார்கள். அது கணக்குக்கான தேதி. நீங்கள் புதிய கம்பெனியின் ஊழியர் ஆவது ‘எஃபெக்டிவ் டேட்’ அன்று.

ஸ்லம்ப் சேலில்தான் ஊழியர் அதிகம் ஏமாறுகிறார். 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்தில் 25எஃப்எஃப் பிரிவு இதற்காகவே இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கும் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் அதே ஏற்பாடு தொடர்கிறது. நிறுவனம் கைமாறினால், ஒரு வருடமாவது தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளிக்கு, ஆட்குறைப்பு செய்தால் கிடைக்கும் நோட்டீஸும் இழப்பீடும் உண்டு. இழப்பீடு என்பது ஒவ்வொரு வருடப் பணிக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் ஒரு வருடமாகக் கணக்காகும். இதைக் கொடுக்காமல் தப்பிக்க முதலாளிக்கு ஒரே வழி, பணி முறியக் கூடாது, நிபந்தனைகள் முன்பைவிடக் குறையக் கூடாது, நாளை புதியவர் வேலையை விட்டு எடுத்தால் பழைய பணிக்காலத்துக்கும் சேர்த்து அவரே இழப்பீடு தர வேண்டும் என்ற மூன்றையும் நிறைவேற்றுவது. மூன்றில் ஒன்று குறைந்தாலும் இழப்பீடு உண்டு.

புதிய முதலாளியிடம் போக விருப்பமில்லை என்றால்? பிலிப்ஸ் தன் கொல்கத்தா சால்ட் லேக் தொழிற்சாலையை வீடியோகான் குழும நிறுவனத்துக்கு மாற்றியபோது வந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011-இல் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. ஊழியரின் சம்மதம் இல்லாமல் அவரை வேறு முதலாளியிடம் தள்ள முடியாது. ஒரே குழுமத்தின் ஒரு துணை நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதும் சட்டப்படி முதலாளி மாற்றம்தான். ‘நான் மேனேஜர், தொழிலாளர் சட்டம் எனக்குப் பொருந்தாது’ என்று பலர் தாமாகவே ஒதுங்கிவிடுகிறார்கள். பதவிப் பெயர் முக்கியமில்லை, செய்யும் வேலைதான் முக்கியம். விசிட்டிங் கார்டில் மேனேஜர் என்று போட்டுக்கொண்டு நாள் முழுக்க கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுபவரும் தொழிலாளி என்ற வரையறைக்குள் வரலாம்.

நடைமுறையில் எச்.ஆர். இரண்டு காகிதங்களை நீட்டுவார்கள். ஒன்று ராஜினாமா, மற்றது புதிய கம்பெனியின் ஆஃபர் லெட்டர். ‘ஃபார்மாலிட்டிதான்’ என்பார்கள். அதில் கையெழுத்திட்டால் நீங்களாகவே வேலையை விட்டதாகிறது. மேலே சொன்ன இழப்பீடும் போய்விடும், பணித் தொடர்ச்சியும் அறுந்துவிடும். பழைய கம்பெனி, புதிய கம்பெனி, நீங்கள் என மூவரும் கையெழுத்திடும் மாற்ற ஒப்பந்தத்தைக் கேளுங்கள். பழைய கம்பெனியில் சேர்ந்த தேதியே எல்லாப் பயன்களுக்கும் பணி தொடங்கிய தேதி, புதிதாக புரொபேஷன் கிடையாது, லீவ் பேலன்ஸ் இத்தனை நாள் என்று அதில் எழுத்தில் இருக்க வேண்டும்.

அந்தத் தேதியின் மதிப்பைக் கணக்குப் போட்டால் புரியும். கிராஜுவிட்டிக்குக் கடைசிச் சம்பளத்தில் சட்டம் கணக்கில் எடுக்கும் பகுதியை (முக்கியமாக அடிப்படைச் சம்பளம்) 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து, வருடங்களால் பெருக்க வேண்டும். நிரந்தர ஊழியருக்குப் பொதுவாக ஐந்து வருடம் முடியாமல் கிடையாது. அந்தப் பகுதி 60,000 ரூபாய், பழைய கம்பெனியில் நான்கு வருடம், புதியதில் நான்கு வருடம் என்று வையுங்கள். தொடர்ச்சி இருந்தால் எட்டு வருடத்துக்கு 2,76,923 ரூபாய். ராஜினாமா செய்து சேர்ந்திருந்தால் இரண்டு பக்கமும் நான்கு நான்கு வருடம்தான், கையில் ஒன்றும் வராது. பழைய கம்பெனி இந்தப் பணத்தை எல்.ஐ.சி. போன்ற நிதியில் போட்டு வைத்திருக்கிறதா, வெறும் கணக்கு எழுதி வைத்திருக்கிறதா என்பதையும் பார்க்கலாம். கம்பெனி விவகார அமைச்சகத்தின் (எம்.சி.ஏ.) இணையதளத்தில் 100 ரூபாய் கட்டினால் துணை நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்பு கிடைக்கும். ஊழியர் பயன்கள் பற்றிய குறிப்பில் கடன் எவ்வளவு, அதற்கென ஒதுக்கிய சொத்து எவ்வளவு என்று அருகருகே போட்டிருப்பார்கள்.

பி.எஃப்.-இல் வேலை மாறினாலும் மாறாத கணக்கு எண்ணான யு.ஏ.என். ஒன்றே என்பதால் சிக்கல் வராது என்று நினைக்க வேண்டாம். பல பன்னாட்டு நிறுவனங்கள் சொந்தமாக பி.எஃப். டிரஸ்ட் நடத்துகின்றன. அங்கிருந்து பணம் போகும்போது ‘அனெக்சர் கே’ என்ற தாளும் கூடவே போக வேண்டும். பணிக்காலமும் பென்ஷன் விவரமும் அதில்தான் இருக்கின்றன. அது போகாவிட்டால் பணம் வந்து சேர்ந்திருக்கும், பணி வருடங்கள் வந்திருக்காது. பென்ஷனுக்குப் பத்து வருடம் தேவைப்படும்போது அது அடிக்கும். பழைய கம்பெனியின் விலகல் தேதி புதிய கம்பெனியின் சேர்ந்த தேதிக்குப் பின்னால் விழுந்துவிடுவது இன்னொரு வழக்கமான கோளாறு. ஒரே நாளில் ஆயிரம் பேரை மாற்றும்போது இது நடக்கிறது. பின்னால் கிளெய்ம் நிராகரிக்கப்படும்.

இவற்றைவிடச் சத்தமில்லாத நஷ்டம், புதிய கம்பெனியில் சேரும்போது பி.எஃப்.-க்காகத் தரும் படிவம் 11-இல் இருக்கிறது. 2014 செப்டம்பர் 1-க்குப் பிறகு 15,000 ரூபாய்க்கு மேல் சம்பளத்தில் புதிதாகச் சேர்பவர் பென்ஷன் திட்டத்தில் சேர முடியாது. ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவர் தொடரலாம். புதிய கம்பெனி அந்தப் படிவத்தில் ‘முன்பு பென்ஷன் உறுப்பினரா?’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று மொத்தமாக நிரப்பிவிட்டால், மாதம் 1,250 ரூபாய் பென்ஷனுக்குப் போவது நின்றுவிடும். பாஸ்புக்கில் பென்ஷன் பத்தி காலியாக இருப்பதைப் பல வருடம் யாரும் பார்ப்பதில்லை. மாற்றத்துக்குப் பிறகு வரும் முதல் மாதமே திறந்து பாருங்கள்.

வரியிலும் இதே மாதிரி. நிதியாண்டின் நடுவில் முதலாளி மாறினால் பழைய சம்பள விவரத்தைப் புதியவரிடம் நீங்கள்தான் கொடுக்க வேண்டும். வருடச் சம்பளம் 18 லட்சம், அக்டோபரில் மாற்றம் என்று வையுங்கள். 2025–26 நிதியாண்டின் புதிய வரி முறையில் மொத்த வரி 1,50,800 ரூபாய். பழைய கம்பெனி பாதியைப் பிடித்திருக்கும். பழைய விவரம் தெரியாத புதிய கம்பெனி, ‘இவருக்கு இந்த வருடம் 9 லட்சம்தான்’ என்று எண்ணி 12 லட்சம் வரையிலான தள்ளுபடியைக் கொடுத்து ஒரு ரூபாயும் பிடிக்காது. ஜூலையில் 75,400 ரூபாயை வட்டியோடு நீங்கள் கட்ட வேண்டியிருக்கும்.

ஆர்.எஸ்.யூ. (குறிப்பிட்ட காலம் வேலையில் நீடித்தால் கைக்கு வரும் கம்பெனிப் பங்கு) வைத்திருப்பவர்கள் ஒப்பந்தத்தின் அந்தப் பக்கத்தைத் தனியாகப் படிக்க வேண்டும். மென்பொருள் நிறுவனமான விஎம்வேரை இன்னொரு அமெரிக்க நிறுவனமான பிராட்காம் 2023 நவம்பர் 22 அன்று வாங்கி முடித்தபோது, கையில் இருந்த பங்குக்கு 142.50 டாலர் ரொக்கம் அல்லது 0.2520 பிராட்காம் பங்கு என்று விலை. வெஸ்ட் ஆகாத, அதாவது இன்னும் கைக்கு வராத, ஆர்.எஸ்.யூ.க்கள் பிராட்காமின் ஆர்.எஸ்.யூ.க்களாக மாறின. வெஸ்டிங் தேதிக்கு முன்னால் வேலை போனால் மிச்சம் கிடைக்குமா என்பதற்கான விடை ‘டபுள் டிரிக்கர்’ என்ற ஷரத்தில் இருக்கும். கம்பெனி கைமாறி, குறிப்பிட்ட காலத்துக்குள் வேலையும் பறிபோனால் மிச்சம் உடனே வெஸ்ட் ஆகும் என்று அது சொல்லும். பெரும்பாலும் மேல்மட்டத்துக்கு மட்டும்தான் அதைக் கொடுக்கிறார்கள். இங்கே ஒரு இந்தியச் சிக்கலும் உண்டு. இணைப்பில் பங்குக்குப் பங்கு மாற்றிக்கொண்டால் வரி இல்லை என்ற விலக்கு, இணைந்து உருவாகும் நிறுவனம் இந்திய நிறுவனமாக இருந்தால்தான். அமெரிக்கப் பங்கைக் கொடுத்து இன்னொரு அமெரிக்கப் பங்கு வாங்கினால், கையில் பணமே வராமல் மூலதன ஆதாய வரி வரலாம். வரிக்குத் தேவையான ரொக்கத்தை முன்கூட்டியே ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு எல்-1, எச்-1பி என்ற இரண்டு வேலை விசாக்களின் வித்தியாசம் முக்கியம். எல்-1 விசா நிற்பதே இங்கிருக்கும் நிறுவனமும் அங்கிருக்கும் நிறுவனமும் ஒரே குடும்பம் என்பதன் மேல். ஒன்றை மட்டும் விற்றுவிட்டால் அந்த உறவு அறுந்து விசாவின் அடிப்படையே போய்விடும். எச்-1பி-யில் வாங்கும் நிறுவனம் பழைய நிறுவனத்தின் பொறுப்புகளை ஏற்று, உறுதிமொழியை அதற்குரிய கோப்பில் வைத்துவிட்டால், வேலை மாறாதவரை புதிய மனு தேவையில்லை. கிரீன் கார்டு ஐ-140 (ஊழியருக்காக நிறுவனம் போடும் மனு) நிலையில் இருந்தால், பழைய நிறுவனத்தின் சட்டப்படியான வாரிசு என்று காட்டி, வாங்கும் நிறுவனம் புதிய மனு போட வேண்டியிருக்கும். இமிகிரேஷன் வக்கீலிடம் இதை ஒப்பந்தம் முடியும் முன்பே எழுத்தில் கேட்க வேண்டும்.

பழைய பே ரோல் தளமும் இன்ட்ராநெட்டும் மாற்றத்துக்குப் பின் சில வாரங்களில் மூடப்பட்டுவிடும். எல்லா பே ஸ்லிப்புகள், படிவம் 16, இன்க்ரிமென்ட் லெட்டர்கள், லீவ் பேலன்ஸ் பக்கம், பங்கு ஒப்பந்தங்கள் எல்லாவற்றையும் அதற்கு முன் இறக்கிச் சொந்த மெயிலில் வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனியின் தொழில் ரகசிய ஆவணம் எதுவும் அதில் கலந்துவிடக் கூடாது. பெயர் மாற்றச் சான்றிதழின் அல்லது என்.சி.எல்.டி. உத்தரவின் நகல் ஒன்றும் சேர்த்து வையுங்கள். ஐந்து வருடம் கழித்து வேறு வேலைக்குப் போகும்போது, சரிபார்க்கும் ஏஜென்சி உங்கள் பழைய கம்பெனியைத் தேடும். அந்தப் பெயரில் கம்பெனி இல்லை என்று அறிக்கை எழுதினால், இந்த நகலை அனுப்பினால் போதும்.