ஒரு சொம்பு உப்புத் தண்ணீர்

இன்று தோட்டத்தில் போர் போட இடம் பார்க்க வந்தவர் நான்கு கம்பிகளை வரிசையாக அடித்துவிட்டு, ஒவ்வொன்றின் அடியிலும் உப்புத் தண்ணீர் ஊற்றினார்.

காய்ந்த மண்ணில் கரண்ட் சரியாக இறங்காதாம்.

வெளிக் கம்பிகள் மின்சாரம் அனுப்பும், உள்ளே இருப்பவை மின்னழுத்தம் அளக்கும். காய்ந்த பாறை தடுக்கும், தண்ணீர் நின்ற வெடிப்பு வழிவிடும்.

ஆனால் மின்சாரம் சுலபமான வழி பார்த்துச் சிதறிவிடும். எண்ணெய்க் கிணறுகளில் அதற்கு லேட்டரோலாக் என்ற அளவீட்டு முறை உண்டு, 1951-இல் பொறியாளர் ஹென்றி டால் விளக்கியது: நடு மின்முனைக்கு மேலும் கீழும் காவல் மின்முனைகள் மின்சாரம் விட, நடுவில் கிளம்புவது சிதற வழியில்லாமல் தகடு மாதிரி நேராகப் பாறைக்குள் பாயும்.

எவ்வளவு அழகான யோசனை!

பக்கத்துத் தோட்டத்தில் மூன்று துளையும் வறண்டுவிட்டன. எங்கள் கம்பிக் குழிகளில் உப்பு ஈரம் இன்னும் காயவில்லை.