லாயத்துப் புல்லும் குதிரையின் மூச்சும்

இங்கிலாந்தில் நியூமார்க்கெட்டுக்கு அருகிலுள்ள ஒரு குதிரை லாயத்தில் வேலை பார்க்கிறேன். பிசான நெல் அறுவடைக்கு ஊரில் இருக்க வேண்டும் என்பதற்காக விடுமுறை எடுத்துக் கல்லிடைக்குறிச்சிக்கு வந்திருக்கிறேன். அதே வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும் என் அக்காள் மகன் தினமும் ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கிறான். “மாமா, சளி புடிச்ச ஆளு ஆவி புடிச்சா சரி. குதிரை திங்குத புல்லுக்கு என்னத்துக்கு ஆவி?” என்று நேற்றுக் கேட்டான். லாயத்தில் உலர்புல்லுக்கு நீராவி காட்டித்தான் குதிரைக்குப் போடுவோம் என்று நான் சொன்னதற்குத்தான் இந்தக் கேள்வி. அவனைப் போலவே இந்த வேலைக்குப் புறப்படும் மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் அவனுக்குச் சொன்னதை எழுதி வைக்கிறேன்.

வைக்கோலைப் படப்பாக அடுக்கும் நாளில் எழும் தூசியான சுணையை அறியாதவர்கள் எங்கள் பக்கத்தில் இல்லை. எங்கள் ஆச்சிக்கு ஒவ்வோர் அறுவடைக்கும் இரைப்பு வரும். களத்துப் பக்கம் போகாமல் இருந்தால் சில நாட்களில் தணியும். புதிய நாட்டில் குதிரையின் மூச்சைப் பற்றி எனக்குச் சொல்லித் தந்தபோது நான் முதலில் நினைத்துக்கொண்டது ஆச்சியைத்தான். ஆச்சியால் களத்தை விட்டு விலகி உட்கார முடிந்தது. லாயத்தில் அடைபட்ட குதிரையால் அது முடியாது. அது நாள் முழுவதும் மூக்கைப் புதைத்துத் தின்னும் தீனியிலேயே அந்தத் தூசி இருக்கிறது.

அங்கே வைக்கோலைப் பெரும்பாலும் குதிரையின் படுக்கைக்கு விரிப்பார்கள். தீனி என்பது கோடையில் அறுத்துக் காயவைத்துக் கட்டிய உலர்புல். நம் பங்குனி வெயில் அந்த நாட்டுக்குக் கிடைப்பதில்லை. அறுத்த புல் காய்வதற்குள் மழை குறுக்கிடும்; ஈரம் 15 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும்போதே கட்டிவிட்டால், கட்டு உள்ளுக்குள் சூடேறிப் பூசணம் பிடிக்கும். பார்வைக்குப் பச்சையாக, வாசனையாக இருக்கும் கட்டிலும் ஆஸ்பர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகளின் வித்துகளும், பாக்டீரியாக்களும், சிற்றுண்ணிகளின் கழிவும் கலந்திருக்கும். இவற்றில் 5 மைக்ரானுக்கும் குறைந்த துகள்கள் மூக்கில் தங்காமல் நுரையீரலின் ஆழம் வரை போய்விடும். 500 கிலோ எடையுள்ள குதிரை ஒரு நாளைக்குச் சுமார் 10 கிலோ புல் தின்னும். நம்மைப் போல வாயால் மூச்சு விட அதனால் இயலாது. மூக்கு ஒன்றே வழி.

இதனால் வரும் நோயைக் கால்நடை மருத்துவர்கள் இப்போது குதிரை ஆஸ்துமா என்கிறார்கள். இளம் பந்தயக் குதிரைகளில் இருமல்கூடத் தெளிவாக இருக்காது. ஓட்டம் மட்டும் குறையும். வயது கூடிய குதிரைகளில் நோய் முற்றும்போது, சும்மா நிற்கையிலேயே நாசித் துவாரம் விரியும், மூச்சை வெளியே தள்ள வயிறு உழைக்கும், நாளடைவில் விலாவின் ஓரத்தில் கோடு போலத் தசை தடிக்கும். மருந்து மூச்சுக் குழாயைத் திறந்துவிடும் என்றாலும், தூசி வந்துகொண்டே இருந்தால் மருந்து நிலைக்காது. அதனால்தான் அங்கே வைத்தியம் புல்லிலிருந்து தொடங்குகிறது.

புல்லைத் தண்ணீரில் ஊறவைப்பது பழைய வழி. தூசி அடங்கும், ஆனால் புல்லின் சர்க்கரையும் தாது உப்புகளும் தண்ணீரோடு போய்விடும், பாக்டீரியா பெருகும், வடித்த தண்ணீர் ஓடையில் கலந்தால் ஓடை கெடும். சர்க்கரை ஆகாத குதிரைக்கு மட்டும் ஊறவைப்பதில் ஒரு பயன் உண்டு. சிரென்செஸ்டரில் உள்ள ராயல் வேளாண் பல்கலைக்கழகத்தில் மெரியல் மூர்-கோலியர் செய்த ஆய்வுகள், முறையாக நீராவி கொடுத்தால் தூசியும் குறைகிறது, நுண்ணுயிர்களும் சாகின்றன என்று காட்டின.

‘முறையாக’ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நாங்கள் பயன்படுத்தும் கருவி தடித்த சுவருள்ள ஒரு பெட்டி. அடியில் உள்ள துளையிட்ட கூர்முனைகள் கட்டுக்குள் ஏறி, கொதிகலனிலிருந்து வரும் ஆவியை நடுவிலிருந்து பரப்பும். முழுக் கட்டுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். நெல் அவிக்கையில் மேலே கிடக்கும் நெல்லும் வாய் பிளக்கும்வரை எங்கள் அம்மா அடுப்பைத் தணிக்கமாட்டாள். அதுபோலக் கட்டின் எல்லாப் பகுதியும் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்வரை இதையும் நிறுத்தக் கூடாது. பிளாஸ்டிக் தொட்டியில் ஓட்டை போட்டு, சுவர்க்காகிதம் உரிக்கும் ஆவிக் கருவியைச் செருகிச் செலவை மிச்சப்படுத்துவோர் உண்டு. அதில் ஒரு மூலை வேகும், இன்னொரு மூலை வெதுவெதுப்பாக நின்றுவிடும். வெதுவெதுப்பும் ஈரமும் பாக்டீரியாவுக்கு விருந்து. அரைகுறையாக ஆவி காட்டுவதைக் காட்டிலும் காட்டாமலிருப்பதே மேல் என்பது என் கருத்து.

ஆவி பட்ட கை, கொதிநீர் பட்டதைவிட மோசமாக வெந்துபோகும். மின்சாரத்தை அணைத்து, ஆவி அடங்கும்வரை பொறுத்து, ஆவி முகத்தில் அடிக்காதபடி மூடியை மறுபக்கமாகத் திறந்து, கையுறை போட்டே புல்லை எடுக்க வேண்டும். கருவியைக் குதிரை நிற்கும் அறைக்குள் வைக்காமல், காற்றோட்டமுள்ள இடத்தில் சமதளத்தில் வைக்க வேண்டும். கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு உள்ள இணைப்பில்தான் சொருக வேண்டும். ஈரத்தரையில் நீட்டிப்பு வயர் ஓடக் கூடாது. கொதிகலன் வறண்டு எரியக் கூடாது. அந்தப் பகுதியின் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர். தாமிரபரணித் தண்ணீரிலேயே வளர்ந்த எனக்கு, கொதிகலனில் படியும் வெள்ளை ஓடு புதிதாக இருந்தது. அதை அவ்வப்போது கரைத்து எடுக்காவிட்டால் சூடு குறைந்து, வெளியில் தெரியாமலே புல் அரைவேக்காடாகிவிடும். பெட்டியின் அடியில் தேங்கும் பழுப்பு நீரைத் தினமும் வடித்துக் கழுவ வேண்டும்.

புல் ஆறிய பிறகு, ஈரம் காய்வதற்குள் கொடுத்துவிட வேண்டும். செத்த வித்தும் நுரையீரலை உறுத்தும் என்பதால், துகள்களைப் புல்லோடு ஒட்டவைத்திருக்கும் அந்த ஈரம் முக்கியம். மிச்சத்தை மறுநாளைக்கு வைக்கக் கூடாது.

“அப்போ பூசணம் புடிச்ச கட்டையும் அவிச்சுப் போட்டுரலாமா மாமா?” என்று கேட்டான். கூடவே கூடாது. பூசணம் ஏற்கெனவே உண்டாக்கிவிட்ட நஞ்சை ஆவி போக்காது. அந்தக் கட்டைத் தீனியிலிருந்து விலக்கிவிட வேண்டும். அடுத்த அறையில் உதறும் காய்ந்த புல்லின் தூசி இந்தக் குதிரைக்கும் வரும் என்பதையும், குதிரை உள்ளே நிற்கும்போது படுக்கையை உதறவோ பெருக்கவோ கூடாது என்பதையும், இரைப்புள்ள குதிரைக்கு வைக்கோலுக்குப் பதிலாகத் தூசி நீக்கிய மரச்சீவலை விரிக்க வேண்டும் என்பதையும் சொன்னேன். அவன் சுணையிலேயே வளர்ந்தவன். அங்கே நாள்தோறும் புல் கட்டுகளை அவன்தான் அவிழ்க்கப் போகிறான். பூசணம் கலந்த புல்தூசியால் மனிதருக்கும் நுரையீரல் நோய் வருகிறது. ஆகவே முகக்கவசங்களும் அவன் பெட்டியில் போகின்றன.